பி12 ஊசி தொடங்கியவர்களுக்கு: பெர்னிசியஸ் அனீமியா சங்கத்தை அணுகும் வழி

பிரித்தானியாவில் வாழும் நம்மவர் ஒருவருக்கு, "உங்கள் இரத்தத்தில் வைட்டமின் பி12 குறைவாக இருக்கிறது, ஊசி போட வாருங்கள்" என்று குடும்ப மருத்துவரின் நிலையமான சர்ஜரியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால், அதைச் சாதாரணச் சத்துக்குறைவாக எடுத்துக்கொண்டு, இரண்டு வாரத்தில் ஆறு ஊசிகளையும் போட்டு முடித்து, அத்துடன் அந்தப் பேச்சை விட்டுவிடுவதே வழக்கம். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கான விடை மருத்துவக் கோப்பில் ஏறாமல் போனால் ஓரிரு ஆண்டுகளில் ஊசி நின்றுவிடக்கூடும், நின்றபின் கால் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கக்கூடும். என் தாயாருக்கு அப்படித்தான் நடந்தது. அவருக்காக நான் அலைந்து கற்றுக்கொண்டதையும், அந்த அலைச்சலில் எங்களுக்குத் துணை நின்ற பெர்னிசியஸ் அனீமியா சங்கம் என்ற நோயாளர் அறக்கட்டளையைப் புதிதாக அணுகுவோர் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

நோயை ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்ளுங்கள்

நாம் சாப்பிடும் மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றில் இருக்கும் பி12 தானாக உடலில் சேர்ந்துவிடுவதில்லை. இரைப்பையின் உட்சுவரில் உள்ள சில கலங்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அந்தப் புரதம் பி12-ஐப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கூட்டிச் சென்றால்தான் குடல் அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். பெர்னிசியஸ் அனீமியா என்ற நோய் உள்ளவர்களின் உடல் தன் சொந்த இரைப்பைக் கலங்களையும் அந்தப் புரதத்தையும் எதிரியென்று நினைத்துத் தாக்கி அழிக்கிறது. ஆகவே, எவ்வளவு மீன் சாப்பிட்டாலும் அதிலுள்ள பி12 ஏறக்குறைய முழுவதும் உடலில் சேராமல் வெளியேறிவிடும். ஈரலில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் இருப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்குவதால் குறைபாடு வெளியே தெரியவும் ஆண்டுகள் ஆகின்றன.

இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் அடிசன் 1849ஆம் ஆண்டில் இதை விவரித்தபோது இதற்கு மருந்தே இருக்கவில்லை, வந்தவர் இறந்தே போனார். நோயின் பெயரில் உள்ள "பெர்னிசியஸ்" என்ற சொல்லுக்கு ஆளைக் கொல்லும் கேடு என்பதே பொருள். 1926இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள் தினமும் கால் கிலோ அளவுக்கு அரைவேக்காட்டு ஈரலைச் சாப்பிட வைத்து நோயாளிகளைப் பிழைக்க வைத்தார்கள். அந்த வழியைத் திறந்துவைத்த ஜார்ஜ் விப்பிளையும் சேர்த்து மூவருக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தப் பொருள் 1948இல் சிவப்பு நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று தாதி உடைக்கும் சிறு கண்ணாடிக் குப்பியில் மாதுளஞ்சாறு போல இருக்கும் ஒரு மில்லிலிட்டர் திரவத்தின் நிறம் அதுவே. உயிரைக் காக்கும் மருந்து இவ்வளவு எளியது, மலிவானது என்பதாலேயே இந்த நோயை எல்லோரும் இலேசாக எடுத்துக்கொள்கிறார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பரிசோதனைக்கு முன்னால் மாத்திரையைத் தொடாதீர்கள்

உங்களுக்கோ பெற்றோருக்கோ சந்தேகம் இருந்தால் முதல் வேலை இரத்தப் பரிசோதனை. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கால் எரிகிறது என்றவுடன் ஊரிலிருந்து வந்த உறவினரின் பெட்டியில் இருக்கும் பி காம்ப்ளெக்ஸ் பட்டியை உடைத்து ஒன்றிரண்டு மாதம் விழுங்கிவிட்டு, குணமாகவில்லை என்றபிறகு மருத்துவரிடம் போகிறோம். அதற்குள் இரத்தத்தில் பி12 அளவு செயற்கையாக உயர்ந்துவிடுகிறது, பரிசோதனை "சரியாக இருக்கிறது" என்று சொல்கிறது, உண்மையான நோய் மறைந்துகொள்கிறது. அந்த மாத்திரைகள் பலவற்றில் உள்ள பி6, அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால், அதுவே நரம்புகளைப் பாதிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எண்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் (NICE) நிறுவனம் 2024 மார்ச் மாதத்தில், 16 வயதைக் கடந்தவர்களின் பி12 குறைபாட்டுக்கென்று ஒரு தனி வழிகாட்டியை வெளியிட்டது. அதன்படி மொத்த பி12 ஒரு லிட்டருக்கு 180 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. 180 முதல் 350 வரை இருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது, அறிகுறிகளையும் மேற்கொண்டு செய்யும் சோதனைகளையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும். சில ஆய்வுகூடங்கள் "செயல்படும் பி12" என்ற வேறொரு சோதனையைச் செய்கின்றன. அதற்கு எல்லைகள் வேறு: லிட்டருக்கு 25 பிகோமோலுக்குக் கீழே உறுதி, 25 முதல் 70 வரை இடைநிலை. ஆகவே, "அம்மாவுக்கு 60 இருக்கிறது, சித்திக்கு 200 இருக்கிறது" என்று எண்களை மட்டும் ஒப்பிட்டுப் பயப்படுவதிலும் ஆறுதல் அடைவதிலும் பயனில்லை. எந்தச் சோதனை, எந்த அலகு என்று சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் என்.எச்.எஸ். என்ற அரச சுகாதார சேவையின் செயலியிலேயே தங்கள் முடிவுகளைப் பார்க்கலாம். வரவேற்பு மேசையில் "எல்லாம் நார்மல்" என்று சொன்னால் அத்துடன் நிற்காமல் எண்ணைக் கண்ணால் பாருங்கள்.

இரத்தசோகையே இல்லையே, பிறகு எப்படி பெர்னிசியஸ் அனீமியா என்று கேட்பவர்கள் உண்டு. நோயின் பெயர் நம்மை இங்கே ஏமாற்றுகிறது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே நரம்புகள் பாதிக்கப்படலாம். பி12 குறையும்போது சிவப்பணுக்கள் பெருப்பது வழக்கம். ஆனால் கூடவே இரும்புச்சத்துக் குறைவோ, பரம்பரையாக வரும் தலசீமியா கூறோ இருந்தால் அவை அணுக்களைச் சிறுக்கவைப்பதால், இரண்டும் சேர்ந்து அணுவின் அளவு சராசரியாகத் தெரியும். தெற்காசியர்களிடம் இந்த இரண்டும் அடிக்கடி காணப்படுபவை என்பதால் நாம் இதில் கூடுதலாக விழிப்பாக இருக்க வேண்டும்.

நடக்கத் தடுமாற்றம், மரத்துப்போதல், நினைவு தடுமாறுதல் போன்ற நரம்பு அறிகுறிகள் இருந்தால் எல்லாச் சோதனை முடிவுகளும் வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இதை அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகத் தொடங்கிவிட வேண்டாம். அது இரத்தத்தைச் சீராக்கிவிட்டு, உள்ளே நரம்புச் சேதத்தைத் தொடரவிடும். பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) இரண்டும் குறைவாக இருந்தால் பி12 முதலில் தொடங்கப்பட வேண்டும்.

காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

என் தாயார் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர், மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. முதல் தடவை அவரைச் சர்ஜரிக்குக் கூட்டிப்போனபோது, "இவர் சைவ உணவு உண்பவரா?" என்று மருத்துவர் கேட்டார். அதைத் தமிழில் சொன்னேன். அம்மா, "ஓம், வெள்ளிக்கிழமைகளிலை சைவம்" என்றார். நான் அவசரத்தில் "ஆம், வெள்ளிக்கிழமைகளில்" என்று மொழிபெயர்த்தேன். கணினியில் "சைவ உணவாளர்" என்று மட்டும் ஏறிவிட்டது. உணவினால் வந்த குறைபாடு என்று முடிவாகி, ஆறு ஊசிகளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஒரு சிறு மாத்திரை என்று மாற்றப்பட்டது. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் அம்மா முகம் கழுவுவதற்காகக் கண்ணை மூடிக் குனிந்தவர் அப்படியே சரிந்து, கைகழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் திறந்திருக்கும்போது சரியாக நிற்பவர், கண்ணை மூடினால் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆடுவது, முதுகுத்தண்டின் நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதன் தெளிவான அடையாளம் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

அந்த ஒரு சொல்லைக் கோப்பிலிருந்து திருத்துவதற்கு இரண்டு கடிதங்கள் தேவைப்பட்டன. ஆகவே, முதல் சந்திப்பிலேயே உணவுப் பழக்கத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் மீன், முட்டை உண்டா, பால், தயிர் எவ்வளவு. முழுச் சைவமாக இருந்தாலும்கூட, "சைவம் என்பதால்தான் குறைந்தது" என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம் என்று பணிவாகக் கேளுங்கள். சைவ உணவாளருக்கும் பெர்னிசியஸ் அனீமியா வரும். வீட்டில் எல்லோரும் ஒரே உணவை உண்ணும்போது ஒருவருக்கு மட்டும் மிகக் குறைவாக இருந்தால், உணவைத் தாண்டிய காரணம் இருக்கலாம்.

பிறகு, இரைப்பைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அது பாசிட்டிவ் என்றால் பெர்னிசியஸ் அனீமியா ஏறத்தாழ உறுதி. நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று பொருளாகாது, ஏனெனில் நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இந்தச் சோதனை நெகட்டிவாகவே வருகிறது. "சோதித்துவிட்டோம், உங்களுக்கு இல்லை" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

நீரிழிவுக்கு எடுக்கும் மெட்ஃபார்மின், வயிற்றெரிச்சலுக்கு எடுக்கும் ஒமெப்ரசோல் போன்றவை, வயிற்று அறுவைச் சிகிச்சை, சிறுகுடல் நோய்கள் ஆகியனவும் பி12-ஐக் குறைக்கும். மெட்ஃபார்மினால் வரும் பி12 குறைபாடு அபூர்வமானதல்ல, பரவலானது என்று பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022இல் அறிவுறுத்தியது. நம் வீடுகளில் மெட்ஃபார்மின் எடுக்காத ஐயாவோ அம்மாவோ அரிது. பி12 குறைவால் வரும் கால் எரிச்சலை "சீனி வியாதியினால்" என்று சொல்லி முடித்துவிடுவதும் அதனால்தான்.

சங்கம் யார், என்ன செய்கிறது

இப்போது அறக்கட்டளைக்கு வருகிறேன். பெர்னிசியஸ் அனீமியா சங்கம் என்பது தெற்கு வேல்ஸின் பிரிட்ஜெண்ட் நகரைத் தளமாகக் கொண்டு 2000-களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்ட பதிவுபெற்ற அறக்கட்டளை. அதைத் தொடங்கிய மார்ட்டின் ஹூப்பரும் இந்த நோயாளியே. நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டதால் நரம்புச் சேதத்துடன் வாழ நேர்ந்தவர் அவர். தனக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கும் நேர்கிறதா என்று தேடப்போனவருக்கு ஆயிரக்கணக்கானோர் கிடைத்தார்கள். சங்கத்தின் உறுப்பினர்களான 889 நோயாளிகளிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2014இல் தாதியர்களுக்கான மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதில் 14 விழுக்காட்டினர், அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்ததாகச் சொன்னார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தாங்கள் பெறும் சிகிச்சையில் திருப்தி இல்லை. இந்த எண்களை முதன்முதலில் வாசித்தபோது, அம்மாவின் எட்டு மாதம் ஒரு பெரிய வரிசையில் சிறு இடம் என்று விளங்கியது. அது ஆறுதலும் தந்தது, கோபமும் தந்தது.

உறுதியான நோய் நிர்ணயம் இருந்தால்தான் சேரலாம் என்று தயங்க வேண்டாம். சந்தேகத்தில் இருப்பவர்களும், நோயாளியைப் பராமரிப்பவர்களும் சேரலாம். உறுப்பினர் கட்டணம் உண்டு. நடப்புக் கட்டணத்தைச் சேரும்போது அவர்களின் தளத்திலேயே பாருங்கள். நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் விளக்கும் தாள்கள், அறிகுறிப் பட்டியல், தொலைபேசி வழியாகப் பேசக்கூடிய ஆட்கள், தொண்டர்கள் நடத்தும் வட்டாரக் கூட்டங்கள் ஆகியவை அங்கே உள்ளன. அறிகுறிப் பட்டியலை அச்சிட்டு, உங்களுக்குப் பொருந்துவனவற்றைக் குறித்து, மருத்துவரிடம் எடுத்துச் செல்வது மிகவும் பயன்தரும். பத்து நிமிடச் சந்திப்பில் வாயால் சொல்ல மறப்பதைத் தாள் சொல்லும்.

சங்கம் செய்யாததையும் தெரிந்துகொண்டு போங்கள். அவர்கள் நோயை நிர்ணயிப்பதில்லை, மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. ஊசியின் இடைவெளியை உங்களுக்காக மாற்றவும் அவர்களால் முடியாது. மருத்துவரை விட்டுவிட்டு அவர்களிடம் போகிறவர் ஏமாற்றம் அடைவார். மருத்துவரிடம் சரியான கேள்வியைச் சரியான சொல்லில் கேட்பதற்குத் துணை தேடிப் போகிறவருக்கு அவர்கள் பெரும் பலம்.

தொலைபேசி எடுப்பதற்கு முன் ஒரு தாள் எழுதுங்கள்

முதல் தடவை அழைத்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்த மாதம் சோதனை செய்தோம், எண் என்ன, எத்தனை ஊசி போட்டோம் என்று ஒன்றுமே நினைவில் இல்லை. பேசியவர் பொறுமையாக, "எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நாளைக்கு அழையுங்கள்" என்றார். அந்தத் தாள் இன்றும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது.

அதில் எழுத வேண்டியவை: சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுத்த முதல் பி12 அளவு, அதன் அலகு, தேதி. அதற்கு முன் ஏதாவது மாத்திரை எடுத்திருந்தால் அதன் பெயரும் காலமும். எதிர்ப்பொருள் சோதனை செய்யப்பட்டதா, முடிவு என்ன. இரும்பு, ஃபோலேட், தைராய்டு அளவுகள். எடுக்கும் எல்லா மருந்துகளும். குடும்பத்தில் தைராய்டு நோய், வெண்படை, சிறுவயதிலேயே வந்த நீரிழிவு ஆகியவை யாருக்காவது உண்டா என்பது, ஏனெனில் இவை பெர்னிசியஸ் அனீமியாவோடு கூடி வரும் உறவுக்கார நோய்கள். போட்ட ஒவ்வொரு ஊசியின் தேதி. ஊசிக்கு எத்தனை வாரம் கழித்து அறிகுறிகள் திரும்புகின்றன என்பதையும் எழுதுங்கள். இதுவே பின்னால் மருத்துவரிடம் உங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்லக் கைகொடுக்கும்.

அறிகுறிகளை எழுதும்போது சொற்களில் கவனம் தேவை. இதில் நம் மொழியே நம்மைச் சறுக்கவைக்கிறது. யாழ்ப்பாணத்தார் "கால் விறைக்குது" என்றால் உணர்ச்சி மரத்துவிட்டது என்று பொருள். அதே சொல்லைத் தமிழ்நாட்டவர் ஒருவர் மொழிபெயர்த்தால் கால் இறுக்கமாக, மடக்க முடியாமல் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் போய்ச்சேரும். அம்மா மாதக்கணக்காக "பஞ்சியாக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அகராதியில் அது சோம்பல். அவர் சொன்னதோ, அரிசி களையக்கூடக் கை தூக்க முடியாத களைப்பு. ஆகவே, சொல்லை விட்டுவிட்டுச் செயலை எழுதுங்கள்: "செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்து அடி நடந்தார்", "கண்ணை மூடிக் குளிக்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது", "தினமும் அழைக்கும் தங்கையின் பெயர் வாயில் வரவில்லை", "மாடிப்படி ஏறி நடுவில் ஒருமுறை உட்காருகிறார்". இப்படி எழுதியதை யாரும் எந்த மொழியிலும் தவறாக விளங்கிக்கொள்ள முடியாது.

ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு, சர்ஜரியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் என்.எச்.எஸ். கட்டணமின்றி ஏற்பாடு செய்ய வேண்டும். முன்பதிவு செய்யும்போதே "இலங்கைத் தமிழ்" அல்லது "இந்தியத் தமிழ்" என்று சொல்லிவிடுவது நல்லது. பிள்ளைகள் மொழிபெயர்ப்பதில் அன்பு இருக்கும், அவசரமும் இருக்கும். நான் செய்த தவறை ஏற்கெனவே சொன்னேன்.

ஊசியும் அதன் கணக்கும்

பிரித்தானியாவில் கொடுக்கப்படுவது ஹைட்ராக்ஸோகோபாலமின், ஒரு தடவைக்கு 1 மில்லிகிராம், தசையில். நரம்பு அறிகுறி இல்லாதவர்களுக்கு வாரத்துக்கு மூன்றாக இரண்டு வாரம், பிறகு இரண்டு முதல் மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது வழக்கமான அளவு. நரம்பு அறிகுறி உள்ளவர்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள், இனி முன்னேற்றம் இல்லை என்ற நிலை வரும்வரை, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. இந்த இரண்டாம் அளவு மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் பிரித்தானிய மருந்துக் கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனாலும் கால் மரத்தவருக்கும் ஆறு ஊசியோடு நிறுத்திவிடுவது நடக்கிறது. "கையேட்டில் நரம்பு அறிகுறிக்கான அளவைப் பார்க்க முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். அது அத்துமீறல் ஆகாது.

அடுத்த சிக்கல் ஓராண்டு கழித்து வரும். மருத்துவர் மாறியிருப்பார், அல்லது சர்ஜரி மாறியிருக்கும். யாராவது இரத்தம் எடுத்துப் பார்த்து, "பி12 நிறைய இருக்கிறது, இனி ஊசி வேண்டாம்" என்பார்கள். ஊசி போடுகிறவரின் இரத்தத்தில் பி12 நிறைய இருப்பது இயல்பு. அது ஊசி போட்டதைக் காட்டுமே தவிர, நோய் போனதைக் காட்டாது. அழிந்த இரைப்பைக் கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. பெர்னிசியஸ் அனீமியாவுக்கு அடிப்படையான, உடல் தன்னையே தாக்கும் இரைப்பை அழற்சி காரணம் என்றால் வாழ்நாள் முழுவதும் தசை ஊசி கொடுக்க வேண்டும் என்று நைஸ் வழிகாட்டி சொல்கிறது. காரணம் கோப்பில் இருந்தால் இந்த வரி உங்களைக் காக்கும். காரணம் எழுதப்படாமல் "பி12 குறைபாடு" என்று மட்டும் இருந்தால் காக்காது. 2020இல் கொரோனாவை முன்னிட்டுப் பல சர்ஜரிகள் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றியபோது, கொந்தளித்த நோயாளிகளின் குரலாக நின்றது இந்தச் சங்கமே.

ஊசியை நிறுத்துகிறோம் என்று சொன்னால் வரவேற்பு மேசையில் வாக்குவாதப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்து, மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். முதல் சோதனை எண், எதிர்ப்பொருள் முடிவு, நரம்பு அறிகுறிகள், ஊசிக்குப் பிறகு கிடைத்த முன்னேற்றம், நைஸ் வழிகாட்டியின் பெயரும் ஆண்டும் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, முடிவை மறுபரிசீலனை செய்யுமாறும், கடிதத்தைக் கோப்பில் சேர்க்குமாறும் கேளுங்கள். அனுப்புவதற்கு முன் சங்கத்தில் ஒருவரிடம் வாசித்துக் காட்டலாம். எங்கள் இரண்டாவது கடிதம் முதலாவதின் பாதி நீளம் இருந்தது. அதில் கோபமே இல்லை, தேதிகள் மட்டும் இருந்தன. அதற்குத்தான் பதில் வந்தது.

முதல் வாரங்களில் நரம்பு அறிகுறிகள் சற்றுக் கூடியதுபோல இருப்பதாகப் பல நோயாளிகள் சொல்கிறார்கள். அம்மாவுக்கும் பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு கூடியது. பயந்து நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தம் இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் சீராகும். நரம்புகள் தேற மாதங்கள் ஆகும், நெடுநாள் பாதிக்கப்பட்டவை முழுதும் தேறாமலும் போகலாம். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், உடலெங்கும் தடிப்பு ஆகியவை ஊசிக்குப் பின் வந்தால் அது அவசர நிலை, உடனே 999-ஐ அழையுங்கள்.

உறவினர்களின் அறிவுரையை என்ன செய்வது

முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் சாறு, ஆட்டீரல் என்று எல்லோரும் அன்போடு ஏதாவது சொல்வார்கள். கீரையிலும் பழத்திலும் இருப்பது இரும்பும் ஃபோலேட்டும், அவற்றில் பி12 இல்லை. ஈரலில் பி12 நிறைய உண்டு, ஆனால் இந்த நோயாளியின் குடல் அதில் மிகச் சிறு பங்கையே எடுத்துக்கொள்ளும்; 1926இல் தினமும் கால் கிலோ சாப்பிட வைத்தது அதனால்தான். புளித்த இட்லி மாவிலும் ஸ்பைருலினா என்ற பாசித் தூளிலும் பி12 இருப்பதாகப் பரவும் செய்தியையும் நம்பியிருக்க வேண்டாம், அவை நம்பத்தக்க மூலங்கள் அல்ல. இவற்றை எல்லாம் விரும்பினால் சாப்பிடட்டும், ஊசிக்குப் பதிலாகச் சாப்பிட வேண்டாம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். உண்மையாகவே உணவினால் குறைபாடு வந்த சைவ உணவாளர்களுக்கு மாத்திரையும், பால், தயிர், பி12 சேர்க்கப்பட்ட தானிய உணவுகளும் போதுமானவையாக இருக்கலாம். அவர்கள் கதை வேறு. அதனால்தான் காரணத்தைத் தெரிந்துகொள்வது இவ்வளவு முக்கியமாகிறது.

வட்டாரக் கூட்டத்துக்கு ஒரு முறையாவது போய்வாருங்கள். அம்மா முதலில் வர மறுத்தார், "வெள்ளையரோடை போயிருந்து நான் என்னத்தைக் கதைக்கிறது" என்றார். போனபோது எதிரே இருந்த வேல்ஸ்காரப் பாட்டி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, இரு கைகளையும் விரித்து, தள்ளாடி நின்று காட்டி, பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து நின்று தானும் கண்ணை மூடிக் காட்டினார். அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பதற்கு எனக்கு அதிகம் வேலை இருக்கவில்லை.

ஊருக்குப் புறப்படும் முன்

மூன்று மாதம் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போகும் பெற்றோருக்குப் பயணத் தேதியைப் பார்த்து ஊசித் தேதியை முன்கூட்டியே சர்ஜரியில் பேசிவையுங்கள், கடைசி வாரத்தில் தாதியின் நேரம் கிடைக்காது. பயணத்தின் இடையில் ஒரு ஊசித் தேதி வருகிறதென்றால், மருத்துவரின் கடிதத்தோடு குப்பியை அதன் அசல் பெட்டியிலேயே எடுத்துச் செல்ல முடியுமா என்று கேளுங்கள். அதை 25 பாகைக்கு மேற்படாத இடத்தில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும் என்பதால் வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுவிடக் கூடாது. மருந்தின் பெயர், 1 மில்லிகிராம் என்ற அளவு, தசை ஊசி என்ற குறிப்பு, கடைசியாகப் போட்ட தேதி, நோயின் பெயர் ஆகிய ஐந்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சிறு அட்டையில் எழுதி, கடவுச்சீட்டின் உறைக்குள் செருகிவிடுங்கள். அம்மாவின் அட்டையில் ஆறாவதாக ஒரு வரியையும் நான் சேர்த்திருக்கிறேன்: "இவர் மீன் சாப்பிடுபவர்."